அகழான் விரட்டும் கம்பனியும் அதன் செக்ரட்டரியும்

அகழான் விரட்டுகிற தொழிலில் ஒரு புதினம் உண்டு: யாரை விரட்டுகிறோமோ அவரை ஒருநாளும் காணமாட்டோம், அவரைப் பற்றி முறைப்பாடு சொல்கிறவர்களை மட்டும்தான் காண்போம்.

தோட்டம் வைத்திருக்கிற சகபாவிகளே, மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. படுக்கப் போகும்போது இஸ்திரி போட்டதுபோல் கிடந்த புல்லில், விடிய எழும்பிப் பார்த்தால் கறுப்பு மண் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு மேட்டுக்குக் கீழேயும் ஒரு சுரங்கம். அந்தச் சுரங்கத்துக்குள் எங்கேயோ வெல்வெட் சட்டை போட்ட, கண் சரியாகத் தெரியாத ஒரு சின்னச் சீவன், மண்புழு தின்றுகொண்டு தன் பாட்டில் தனியாக இருக்கும். இந்தச் சீவனோடு எனக்கு ஒரு சொந்தம் இருப்பதாக எனக்கு அடிக்கடி தோன்றும்.

நாங்கள் பீல் நகரத்துக்கு வந்தது போன வருசம். அதற்கு முதல் கூர் என்கிற நகரத்தில் இருந்தோம். அம்மாவுக்கு இங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்பா கூரில் ஹோட்டல் சமையலறையை விட்டுவர ஏலாமல் அங்கேயே நின்றுவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை குரல். கூரில் கணக்கு வாத்தியார், பஸ் சாரதி, கோயில் ஐயர் என்று ஆரையும் விட்டுவைத்ததில்லை. பேசிக் காட்டினால் வகுப்பே விழுந்து சிரிக்கும். பீலுக்கு வந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. ஒருவரைப் போலப் பேசிக் காட்டுவதென்றால், கேட்கிற ஆளுக்கும் அவரைத் தெரிந்திருக்க வேணும். இங்கே எனக்குத் தெரிந்த ஒருவரையும் ஒருவருக்கும் தெரியாது. புதன்கிழமை மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மற்றப் பெடியள் பந்தடிக்கப் போவாங்கள். நான் வீட்டில் இருந்து குளிர்சாதனப் பெட்டிக்குக் கணக்கு வாத்தியாரைப் பேசிக் காட்டுவேன். அது சிரிக்காது. இடைக்கிடை உறுமும்.

ஆராவது என்னைக் கூப்பிடவேணும். அதற்காகத்தான் கம்பனி.

செக்ரட்டரி

கடைவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘அகழான் தொல்லையா? கொல்லாமல் விரட்டித் தரப்படும்.’ கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரிச் சின்னத் துண்டுகளாக வெட்டிவிட்டேன். ஒருவரும் கிழிக்கவில்லை. தொழில் நன்றாக ஓடுவதுபோல் இருக்கட்டும் என்று ஒரு துண்டை நானே கிழித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

ஒரு புதன்கிழமை போன் அடித்தது. கம்பனி என்றால் முதலாளியே போன் எடுப்பாரா? மூக்கைப் பொத்திக்கொண்டு, கூரில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்த மனுசியின் குரலில், “ஒரு நிமிடம், பொறுப்பாளரிடம் இணைக்கிறேன்” என்றேன். பிறகு அம்மாவின் குதி உயர்ந்த சப்பாத்தை இரண்டு கையிலும் மாட்டி மேசையில் டக் டக் என்று நடந்து, செருமி, பொறுப்பாளரின் குரலில் “ஹலோ” என்றேன். குரல் உடைகிற வயசு. செக்ரட்டரி பாதி வசனத்தில் ஆம்பிளையானதும், பொறுப்பாளர் “ஹலோ”விலேயே கீச்சிட்டதும் என்னுடைய பிழையில்லை.

கூப்பிட்டவர் ஹெர் மோசர். மனுசியில்லாத, பிள்ளையில்லாத, இளைப்பாறிய மனிசன். புல்லுக்குத் தலைவாரி உச்சி பிரிக்கிற ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் கதைப்பது பேர்ண் பக்கத்து டொச், அதாவது ஜெர்மன். ஆனால் அந்தக் கரகரத்த குரல் எனக்குள் எப்போதும் சங்கக்கடை மனேஜர் மாதிரித் தமிழில்தான் கேட்கும், அப்படியே தருகிறேன். கதவைத் திறந்து, என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பொறுப்பாளர் எங்கே என்று கேட்கவில்லை. ஒன்றுதான் சொன்னார்:

“உங்கட செக்ரட்டரிக்குத் தொண்டை சரியில்லைப் போல கிடக்கு. சுடுதண்ணி குடிக்கச் சொல்லு.”

சப்பாத்து

எங்கட ஆக்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. அடுத்தவன் வீட்டு வாசல் என்று கண்டால் கால் தானாகவே சப்பாத்தை உதறும். ஹெர் மோசரின் தோட்டப் படலையைத் தாண்டியதும், அந்தப் புல்லைப் பார்த்த என் கால் அதைச் சாமியறைக் கம்பளம் என்று நினைத்துவிட்டது. கழற்றிச் சோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மனிசன் என் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏன்?” என்றார். பழக்கம் என்று சொல்ல வெட்கம். “இது தொழில்முறை. சுரங்கம் எங்கே ஓடுது எண்டு கால்தான் சொல்லும்” என்று பொறுப்பாளரின் குரலில் சொன்னேன்.

பகிடி என்னவென்றால், கால் உண்மையாகவே சொல்லியது. ஓரிடத்தில் குதி மெத்தையில் வைத்ததுபோல் இறங்கியது. கம்பால் குத்தினேன்; கம்பு சட்டென்று உள்ளே போனது. கீழே சுரங்கம். அதற்குள் என் மருந்தில் ஊறிய துணிகளைத் திணித்தேன். அம்மா ஏற்கனவே கட்டளை போட்டிருந்தா: “மூஞ்சி நீண்டு மூஞ்சூறு மாதிரிக் கிடக்கு. பிள்ளையாற்ற வாகனத்துக்குச் சொந்தக்காரன். ஒரு மயிரும் உதிரக் கூடாது, சொல்லிப்போட்டன்.” ஆகவே கொல்லுகிற பொறி இல்லை. பெருங்காயம், இடித்த உள்ளி, கருவாடு கழுவின தண்ணி. பிள்ளையாருக்கே மூக்கடைத்துத் தடிமன் பிடிக்கும்.

அடுத்த கிழமை போனேன். ஹெர் மோசரின் பக்கம் புது மேடு ஒன்றும் இல்லை. பத்தை வேலிக்கு அந்தப் பக்கம், மடாம் பெரேனின் புல்லில், புத்தம்புது மேடு ஒன்று வெயிலில் மினுங்கிக்கொண்டு இருந்தது. கொல்லாமல் விரட்டினால் சீவன் எங்கே போகும், பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். நான் தலையைச் சொறிந்தேன். ஹெர் மோசர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் பல் இருப்பதைக் கண்டேன்.

“அவவின்ர பக்கமோ போனது? அப்ப வேலை திறமாத்தான் செய்திருக்கிறாய்.”

விருந்தாளிகள்

மடாம் பெரேன் பிரெஞ்சுக்காரி. பீலில் ஒரே வேலியின் இந்தப் பக்கம் டொச்சும் அந்தப் பக்கம் பிரெஞ்சுமாக இருப்பது புதினமில்லை. ஒவ்வொரு வசனத்தையும் பட்டுத்துணியில் சுற்றித் தருவதுபோல் கதைப்பா. என்னைத் தோட்டத்துக்குள் விட முதலே, “சப்பாத்தைக் கழட்டு மகனே, யன்னலால பார்த்தனான், அப்பிடித்தானே செய்யிறது?” என்று கேட்டா. வெறுங்கால் கம்பனியின் அடையாளமாகிவிட்டது. ஈரப் புல்லில் விறைத்துப்போய் நின்றபோது என் வாயை நானே திட்டினேன்.

அன்றைக்கு மடாமின் புருசன் வழிச் சொந்தக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வெளியே மேசை போட்டிருந்தது. வருசத்தில் இரண்டு தரம் வந்து, ‘இந்த வீட்டை விற்றுவிடு, தனியாக என்ன செய்கிறாய்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஆக்கள். நான் மேசைக்குக் கிட்ட இருந்த மேட்டில் துணியைத் திணித்துவிட்டு நிமிர்ந்தேன். காற்று திரும்பியது. முதலில் ஒரு மாமா சீஸ் தட்டைத் தூக்கி மணந்து பார்த்தார். ஒரு மாமி தன் சப்பாத்தின் அடியைப் பார்த்தா. பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோப்பி வரமுதலே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் மன்னிப்புக் கேட்கிற குரல் ஒன்றை அவசரமாகத் தேடிக்கொண்டு நின்றேன். மடாம் கதிரையில் சாய்ந்து இருந்து, மிஞ்சின கேக்கை என் பக்கம் தள்ளினா.

“அகழான் போனாலும் சரி, போகாட்டிலும் சரி மகனே, அடுத்தமுறை அவையள் வாற அண்டைக்கு நீ கட்டாயம் வரவேணும்.”

வேலிக்கு மேலே ஒரு தலை

ஹெர் மோசரும் மடாம் பெரேனும் கதைப்பதில்லை. காரணம் மடாமின் வால்நட் மரம். அதன் இலைகள் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வேலி தாண்டி மோசரின் புல்லில் விழும். அவர் அவற்றைப் பொறுக்கி, திரும்ப வேலிக்கு மேலால் போடுவார். இப்படியே வருசக்கணக்காகப் போகிறது.

எனக்கு இதைவிட என்ன வேணும்? ஒருவரையொருவர் தெரிந்த இரண்டு பேர்! வந்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். மடாமின் தோட்டத்தில் நின்று மோசரைப் பேசிக் காட்டுவேன்: கையைப் பின்னால் கட்டி, முகநாடியை நெஞ்சில் புதைத்து, “மடாம், உங்கட இலையளுக்கு விசா இல்லை. திருப்பி அனுப்புறன்.” மடாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பா. பிறகு மோசரின் பக்கம் போய் மடாமைப் பேசிக் காட்டுவேன்: “மொஸ்யு மோசர், உங்கட புல்லுக்கு ஆரும் தடுமாறிக் காலை வைச்சிட்டா, அது வலியில கத்துமோ?” மோசர் சிரிக்கமாட்டார். ஆனால் “வேற என்ன சொன்னவ?” என்று கேட்பார். இருவரும் சொல்லாத வசனங்களும் நடுவில் வந்திருக்கும்; கலைஞனுக்கு அவ்வளவு சுதந்திரம் வேணும். அந்த நாட்களில் புதன்கிழமை எனக்குப் போதாமல் போகும்.

ஒருநாள் மடாமின் பக்கம் ‘விசா இல்லை’ காட்சியின் உச்சத்தில் நிற்கிறேன். மடாமின் சிரிப்பு சட்டென்று நின்றது. என் முதுகுக்குப் பின்னால், வேலிக்கு மேலே, மோசரின் தலை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ தெரியாது. கம்பனி இன்றோடு மூடியாயிற்று என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், மடாமைப் பார்த்தார், செருமினார்.

“நான் இப்பிடிக் கதைக்கிறேல்லை. குரல் இன்னும் கொஞ்சம் தடிப்பா வரவேணும்.”

ரூட் காஸ்

மடாமின் பக்கத்திலிருந்தும் அகழான் கிளம்பி, அதற்கு அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கே வாடகைக்கு இருந்தவர் கார்த்திக் அண்ணா, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த இஞ்சினியர். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சுவரில் ஆணித் துளைகூட இருக்கக் கூடாது என்கிற நாடு இது. புல்லில் மலைத்தொடரே இருந்தால்? மனிசனுக்கு நித்திரை இல்லை. நான் அவருடைய தமிழிலேயே, “கவலைப்படாதீங்கண்ணா, பாத்துக்கலாம்” என்றேன். “தம்பி நம்ம ஊரா? பீளமேடா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணம் என்று சொன்னதும் கையை விட்டார். பிறகு நினைத்துப் பார்த்து, திரும்பவும் பிடித்துக்கொண்டார்.

மருந்தை அவர் நம்பவில்லை. மேடுகளை எல்லாம் அளந்து, கொம்பியூட்டரில் வரைபடம் போட்டு, அடுத்த மேடு எங்கே வரும் என்று கண்டுபிடித்தார். ரோஜாச் செடிக்குக் கிட்ட ஒரு இடத்தில் குச்சி நட்டு, கதிரையைப் போட்டு, மடியில் லாப்டொப்போடு காவல் இருந்தார். நானும் பக்கத்தில் குந்தியிருந்தேன். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதிரை மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. அவருடைய கதிரைக் காலுக்குக் கீழே மண் கொப்பளித்துக்கொண்டு வந்தது. கார்த்திக் அண்ணா அசையவில்லை. திரையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார்.

“ரூட் காஸ் கெடச்சிருச்சு தம்பி. அது எங்கிட்ட கேக்காமயே தோண்டுது.”

கம்பனியின் மற்றப் பங்காளி

கருவாடு கழுவின தண்ணியைப் போத்தலில் அடைத்து, பெருங்காயத்தைக் கணக்காகத் தருகிறவ அம்மா. ஆகவே அவவும் கம்பனிதான். வேலையால் வந்ததும் முதலில் கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொள்ளுவா. நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் கடுகைவிடச் சின்ன ஆணிகளைப் பார்த்த கண். நான் தோட்டத்துப் புதினமெல்லாம் குரலோடு சொல்லிக் காட்டுவேன். மோசரையும் மடாமையும் அம்மா கண்டதில்லை. ஆனாலும் என்னைப் பாவம் பார்த்துச் சிரிப்பா.

ஒரு பின்னேரம் அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நான் குசினிக்குள் நின்றேன். அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று அப்போதுதான் மண்டையில் ஓடியது. அப்பாவின் குரலை எடுத்தேன்: “இஞ்சேரும், தேத்தண்ணி இருக்கோ?”

“ஓம், இந்தா வாறன்” என்றுகொண்டு அம்மா விறுவிறுவென்று வந்தா. குசினி வாசலில் என்னைக் கண்டு நின்றுவிட்டா. நான் சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அம்மா கேத்தலில் தண்ணி பிடித்து அடுப்பில் வைத்தா. இரண்டு கோப்பை எடுத்தா. பிறகு மூன்றாவதாக ஒரு கோப்பையும் எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, திரும்ப உள்ளே வைத்தா. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னா:

“இன்னொருக்காச் சொல்லு.”

கடைசி மேடு

கார்த்திக் அண்ணாவின் தோட்டத்துக்கு அப்பால் ரயில்பாதை மேடு. அகழான் அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கே முறைப்பாடு சொல்ல ஆள் இல்லை. எங்கள் தொழிலின் பெரிய குறை இது, சகபாவிகளே: வேலையை நன்றாகச் செய்தால் பிறகு உங்களை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

கார்த்திக் அண்ணாவை அவருடைய கம்பனி திருப்பி அழைத்துவிட்டது. வீட்டை ஒப்படைக்கிற அன்று புல்லின் படத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இலை பழுக்கத் தொடங்கியபோது மடாம் பெரேன் குளியலறையில் விழுந்து இடுப்பை நோவாக்கிக்கொண்டா. மகள் வந்து லோசானுக்குக் கூட்டிக்கொண்டு போனா. நான் ஒரு புதன்கிழமை சும்மா அந்தப் பக்கம் போனேன். மடாமின் யன்னல் பலகைகள் எல்லாம் இறுக்கிச் சாத்திக் கிடந்தன. வேலிக்கு இந்தப் பக்கம், மோசரின் புல்லிலும் ஒருவரையும் காணவில்லை. திரும்பி வந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மடாமைப் பேசிக் காட்டினேன். அதற்கு மடாமைத் தெரியாது.

குளிர் இறங்கத் தொடங்கிய நேரம் போன் அடித்தது. மூக்கைப் பொத்தி, “ஒரு நிமிடம்…” என்று தொடங்கினேன்.

“செக்ரட்டரி வேண்டாம்” என்றது அந்தக் கரகரத்த குரல். “பெடியனைக் கூப்பிடு. அகழான் திரும்பி வந்திட்டுது.”

சைக்கிளில் பறந்தேன். படலையில் குனிந்து சப்பாத்துக் கயிற்றில் கை வைத்தேன்.

“கழட்டாதை, குளிர்” என்றார் ஹெர் மோசர்.

அப்போதே எனக்குக் கொஞ்சம் இடித்தது. புல்லின் நடுவில் ஒரு மேடு இருந்தது. வட்டமான, ஒழுங்கான, கேக் அச்சில் வார்த்ததுபோல் ஒரு மேடு. கம்பால் குத்தினேன். இறங்கவில்லை. சுற்றவரக் குத்தினேன். எங்கும் கல்லுப் போல இறுகின நிலம். கீழே சுரங்கம் இல்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் குருணிகள் இருந்தன. பூச்சாடிக்குப் போடக் கடையில் பையில் விற்கிற மண்ணில்தான் அந்தக் குருணி இருக்கும். அகழான் கடைக்குப் போவதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மோசர் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தார்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். உச்சி பிரித்து வாரின அந்தப் புல் முழுக்க வால்நட் இலை. ஒன்றும் பொறுக்கப்படவில்லை.

“பெரிய அகழான்” என்றேன். “இப்போதைக்குப் போகாது.”

“அப்பிடித்தான் நானும் நினைச்சன்” என்றார். சாத்திக் கிடந்த யன்னல்களைப் பார்த்தார். “உந்த மனுசி இதைக் கண்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?”

நான் வேலிக்குக் கிட்டப் போய், முதுகை நிமிர்த்தி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, பட்டுத்துணியில் சுற்றினேன்: “மொஸ்யு மோசர், கடைசியில உங்கட புல்லுக்கும் ஒரு விருந்தாளி வந்திட்டார் போல.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். “உங்கட இலையள் இன்னும் வருகுது, மடாம். நான் திருப்பி அனுப்பேல்லை.”

நான் பெருங்காயத் துணியை எடுத்து, இல்லாத சுரங்கத்தின் மேல் மரியாதையாக வைத்தேன். மோசர் உள்ளே போய்ச் சூடான சொக்கலேற் பால் இரண்டு கோப்பையில் கொண்டுவந்தார். நகத்துக்குள் கறுப்பு மண் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டு, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“வாற புதனும் வா. வானம் மூடிக் கிடக்கு, இன்னொரு மேடு வரும் போல.”

சகபாவிகளே, இந்தத் தொழிலில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: அகழான் இருக்கிற தோட்டத்தைவிட, அகழான் போய்விட்ட தோட்டத்துக்குத்தான் ஆள் கட்டாயம் தேவைப்படுகிறது.